உப்பைத் தொடாத மாப்பிள்ளை

இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. எங்கள் கோயிலில் ஒரு கலியாணம் நடப்பதென்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாப்பிள்ளையின் பெயரையும் பெண்ணின் பெயரையும் வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை என்கிறோம். வாசித்து முடிந்ததும் பாதர், இந்த இரண்டு பேரும் சேர்வதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். ஒருவரும் சொல்வதில்லை. சனம் அந்த நேரத்தில் இருமும், பிள்ளையின் மூக்கைத் துடைக்கும். நான் மூன்றாம் ஓலையில் எழும்பி நின்று சொல்வதாக இருந்தேன்.

பெண் என் பேத்தி வசந்தினி. மாப்பிள்ளை இக்னேஸ் பெக் என்று ஒருவன். இக்னேஸ் என்பது குருநகர்ச் சனத்தின் வாயில் நுழையவில்லை. இன்னாசி ஆக்கிவிட்டார்கள். இந்த இன்னாசி எப்படிப்பட்ட ஆள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவள் வசந்தினிதான். இடையிடையே பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். முறைத்தாலும் நான் சொன்னபடியே எழுதத்தான் வேண்டும்.

எங்களுக்குக் கருவாட்டு வாடி இருக்கிறது. மீனை வெட்டி, கழுவி, தொட்டியில் உப்புப் போட்டு வைத்து, அடுத்த நாள் எடுத்து வெயிலில் பரப்புகிற வேலை. நானும் என் மகள் யசிந்தாவும் வசந்தினியும் செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, வாடியடிக்கு ஒருவன் வந்து நின்றான். கறுத்த, கட்டையான, தோள் அகன்ற பெடியன். முகத்தைப் பார்த்தால் எங்கள் ஆள். வாயைத் திறந்தால் மலையாளம் போல ஒன்று. பட்டணத்தில் இந்தியாக் கொம்பனி ஒன்று அப்போது கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது. அதில் கம்பி கட்ட வந்தவன். சூடைக் கருவாடு ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்தான். பிறகு மறுபக்கம் திருப்பி மணந்தான். கருவாடு தெரிந்தவன்தான் அப்படி இரண்டு பக்கமும் மணப்பான்.

"உம்மடை ஊர் கடற்கரையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மலை. காடு. கடல் இல்லை."

"அப்ப கருவாடு எங்காலை?"

"சந்தையிலை வரும். மழைக்காலம் முழுக்க அதுதான் கறி."

கடலே இல்லாத ஊரில் பிறந்தவனுக்குக் கருவாடு மணக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதல் முள் குத்தியது அங்கேதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் வந்து கருவாடு வாங்கினான், எங்கள் பேச்சையும் பழகினான். ஒரு மனிதனால் அவ்வளவு கருவாடு தின்ன முடியாது. அவன் வருவது வசந்தினிக்காக என்று முழுக் குருநகருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யசிந்தாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாடிக் கூரையின் தகரத்தைக் கேட்காமலே ஏறிக் கட்டிக் கொடுத்தான் என்று.

"நல்ல பெடியன் அம்மா," என்றாள்.

"உன்ரையவரும் நல்ல பெடியனாத்தான் வந்தவர்."

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்ல வேண்டியும் இருந்தது. சண்டை நின்று பாதை திறந்த வருடம் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவருக்கு யசிந்தாவைக் கட்டிக் கொடுத்தேன். வெள்ளைச் சேட்டு, வாசனை, பை நிறையக் கடதாசி. எல்லாக் கடதாசியிலும் முத்திரை. மூன்று மாதத்தில் திரும்பிப் போனவர் போனவர்தான். வசந்தினி அப்போது வயிற்றில். அங்கே அவருக்கு முதலே ஒரு பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் என்று பிறகு ஊருக்கு வந்த ஒருத்தி சொன்னாள். ஓலை வாசித்தபோது எனக்கு மனதுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. வாயை மூடிக்கொண்டு கோயில் வாங்குப் பலகையில் இருந்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்த வாங்கு என்னைக் குத்துகிறது. என் பேத்திக்கும் அதே கதை நடக்கக் கூடாது. இன்னாசிக்கு ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறதா இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

பாதரிடம் அவனுடைய ஊர்க் கோயிலிலிருந்து கடதாசி வந்துவிட்டது, கலியாணம் ஆகாதவன் என்று அதில் எழுதியிருக்கிறது என்றார்கள். கடதாசியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குக் கண் எழுத்துக்கு உதவாது. காது உதவும்.

அதனால் காதைக் கொடுத்தேன். பின்னேரம் ஐந்தரைக்கு வேலை விட்டு வந்து வாடிச் சுவரில் குந்தியிருந்து போன் கதைப்பான். கூட வேலை செய்கிறவர்களோடு கதைப்பது இந்தி. அது தெரியும், படத்தில் கேட்ட சத்தம். ஒரு ஆளோடு மட்டும் வேறு பாசை. "அயோ, அயோ" என்றுதான் தொடங்குவான். யாரோ செத்துப்போனார்கள் என்று முதல்நாள் ஓடிப் போனேன். அவர்களுக்கு அயோ என்றால் அம்மாவாம். சரி, அம்மா. ஆனால் அம்மாவோடு கதைக்க ஏன் ஒரு தனிப் பாசை? மற்றவர்களுக்கு விளங்காமல் இருக்கத்தானே?

வலையை விரிக்கிற சாட்டில் கிட்டப் போய் நின்றேன். முழுதும் விளங்கவில்லை. ஆனால் இடையிடையே விளங்குகிறது! 'நீன்' என்கிறான். தன்னை 'ஏன்' என்கிறான். நாளைக்கு என்பதற்கு 'நேலா'. அன்றைக்கு அவனுக்குப் பல்லுக் கொதி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு 'பல், பல்' என்று போனில் சொல்கிறான். கண்ணைக்கூட, தொண்டைக்குள் காறிக்கொண்டு, 'கன்' என்கிறான். இருட்டில் தெரிந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது. சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, எல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளி.

எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இவன் தமிழன். தமிழ்நாட்டில் எங்கேயோ பெண்சாதி பிள்ளையை விட்டுவிட்டு, ஊரை மாற்றி, பாசையை நெளித்து, வடநாட்டான் என்று வந்து நிற்கிறான். தூரத்து ஊரைச் சொன்னால் யாரும் போய் விசாரிக்க மாட்டார்கள் அல்லவா?

நேரே கேட்டேன்.

"தம்பி, நீர் தமிழன்தானே?"

"இல்லை அம்மம்மா. ஜார்க்கண்ட். எங்கடை பாசை குடுக்."

"அப்பிடியெண்டால் பல்லுக்கு ஏன் பல் எண்டு சொல்லுறீர்?"

"பல்லுக்குப் பல் எண்டுதானே சொல்லுறது?"

விசரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்து இறங்கி, மணலில் குந்தி, விரலால் கீறிக் காட்டினான். இது எங்கள் ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முண்டா என்கிற சனத்தின் ஊர். ஒரே சந்தை, ஒரே கிணற்றடி, ஆனால் அவர்கள் வீட்டுக்குள் கதைத்தால் எங்களுக்கு ஒரு சொல் விளங்காது. சந்தையில் எல்லாருக்கும் பொதுவாக வேறொரு பாசை. பள்ளிக்கூடத்தில் இந்தி. குடுக் கதைத்தால் வாத்தியார் அடிப்பார். தகப்பன் செத்தபின் பதினாறு வயதில் பஞ்சாபுக்கு வயல் வேலைக்குப் போனான். அங்கேயும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கேரளத்துக்குக் கம்பி கட்டப் போனான், ஆறு வருடம்.

"முதல் நாள் மேஸ்திரி 'கண்ணு நோக்கு, கண்ணு' எண்டு கத்தினார் அம்மம்மா. கம்பி முகத்துக்கு நேரே வந்தது. ஆரும் சொல்லித் தராமல் எனக்கு விளங்கினது. ஊரிலை பக்கத்து வீட்டான் கதைச்சால் விளங்காது. அவ்வளவு தூரத்திலை வந்து விளங்குது. அண்டைக்கு அழுதிட்டன்."

அழுததையும் நான் நம்பவில்லை. யாருக்காவது கண்ணைப் பார் என்றதற்கு அழுகை வருமா?

எங்கள் ஒழுங்கையில் அடைக்கலநாதன் மாஸ்ரர் இருக்கிறார். படிப்பித்து ஓய்ந்தவர், வீடு முழுக்கப் புத்தகம். அவரிடம் போனேன்.

"ஓம் இராசாத்தியக்கா, குடுக் எண்டு ஒரு பாசை இருக்கு," என்றார். "தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் ஒரு குடும்பம் பாருங்கோ. இதுவும் அந்தக் குடும்பம்தான். வடக்கை தனிய நிக்குது. சுத்திவர வேற குடும்பத்துப் பாசையள்."

"ஏன் தனியப் போனது?"

"அது போனதோ, நாங்கள்தான் இஞ்சாலை வந்தமோ, ஆருக்குத் தெரியும்?"

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது, படிச்சவைக்கும் வடிவாத் தெரியாது. இன்னொண்டு பாகிஸ்தான் பக்கம் போய் நிக்குது."

"ஒரு குடும்பத்துப் பிள்ளையள் உப்பிடியே சிதறுறது? நம்பக்கூடிய கதையே மாஸ்ரர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கடை பிள்ளையள் இப்ப எவடம் எவடம்?"

மூத்தவன் கனடா. இளையவன் நோர்வே. அங்கே இருக்கிற பேரப்பிள்ளைகள் போனில் 'ஹாய் அப்பம்மா' என்பதற்கு மேல் போவதில்லை. நான் வந்த வழியே திரும்பி வந்தேன். ஆனாலும் புத்தகத்தில் இருக்கிற பாசையை இவன் வீட்டில் கதைத்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இதற்கிடையில் இன்னொன்றையும் கண்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம். ஞாயிறு பின்னேரங்களில் வாடியில் எங்களுக்கு உதவி செய்வான். மீன் வெட்டுவான். கழுவுவான். தண்ணீர் அள்ளுவான். ஆனால் உப்புப் போடுகிற நேரம் வந்தால் ஆள் அந்த இடத்தில் இல்லை. ஒருநாள் வாளி எடுக்கப் போவான், ஒருநாள் போன் வரும், ஒருநாள் காலில் முள். நான் ஐந்து கிழமை எண்ணிப் பார்த்தேன். ஐந்து கிழமையும் அவன் விரல் உப்பில் படவில்லை. கருவாட்டு வாடிக்கு மருமகனாக வருகிறவனுக்கு உப்பில் என்ன பயம்?

எங்கள் வாடியில் என் தாய் காலம் தொட்டு ஒரு முறை இருக்கிறது. மீன் குறைந்தால், கத்தி காணாமற் போனால், சந்தேகப்பட்ட ஆள் உப்புத் தொட்டியில் கையை வைத்து, ஒரு கல் உப்பை நாக்கில் போட்டுச் சத்தியம் பண்ண வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் வாய் அவிந்துபோகும் என்பார்கள். கோயிலில் பண்ணுகிற சத்தியத்தைவிட எங்களுக்கு அது பெரிது. இதைப் பாதருக்குச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் ஓலைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனைத் தொட்டியடிக்குக் கூப்பிட்டேன். யசிந்தாவும் வசந்தினியும் மீன் அலசிக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். இந்தத் தொட்டியிலை கையை வையும். ஒரு கல்லு உப்பை நாக்கிலை போடும். 'எனக்கு ஊரிலை பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை' எண்டு சொல்லும். பேந்து நான் உம்மை ஒண்டும் கேக்க மாட்டன்."

"அம்மம்மா!" என்று வசந்தினி கத்தினாள்.

"நீ மீனைப் பார்."

அவன் தொட்டியைப் பார்த்தான். "பைபிளிலை சத்தியம் பண்ணுறன்," என்றான்.

"அது வேண்டாம்."

"மாதா சுருவத்திலை பண்ணுறன். என்ரை அம்மா தலையிலை பண்ணுறன். உப்பிலை ஏலாது."

"ஏன் ஏலாது?"

"உப்பு எங்கடை ஆள்."

"என்ன?"

"பெக் எண்டால் உப்பு. எங்கடை கூட்டத்தின்ரை பேர். ஊரிலை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒண்டு இருக்கு. ஒரு கூட்டம் ஆமை, அவை ஆமை தின்னாயினம். ஒரு கூட்டம் எலி. நாங்கள் உப்பு. தனி உப்பைக் கையாலை அள்ள மாட்டம், நாக்கிலை வைக்க மாட்டம்."

"அப்ப இவ்வளவு நாளும் என்ரை குழம்பை என்னெண்டு திண்டனீர்? அதிலை என்ன சீனியே போட்டது?"

"குழம்பிலை கரைஞ்சால் பரவாயில்லை. உப்பில்லாமல் மனிசன் சாப்பிடேலாதுதானே. தனிய இருந்தால்தான்..." என்று கையை விரித்தான்.

"நல்ல வசதியான சாமி. குழம்புக்குள்ளை போனால் கண் தெரியாது."

"சாமி இல்லை அம்மம்மா. மூத்தவைக்குக் குடுக்கிற மரியாதை மாதிரி."

"வேதக்காரன் எண்டு சொல்லிப்போட்டு உப்புக்கு மரியாதை குடுக்கிறீர்?"

யசிந்தா நிமிராமலே சொன்னாள்: "நீங்கள் மட்டும் புது வலைக்குத் தேங்காய் உடைக்கிறேல்லையோ அம்மா?"

"அது வேற," என்றேன்.

கடைசியாக ஒருமுறை கேட்டேன். "சத்தியம் பண்ணுறீரோ, இல்லையோ? பண்ணாட்டி ஞாயிற்றுக்கிழமை மூண்டாம் ஓலையிலை நான் எழும்புவன்."

அவன் வசந்தினியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டு, "ஒரு கல்லுத்தானே, போடுங்கோவன், ஊரிலை ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள். அவன் கண்ணும் கலங்கியது. தொட்டிப் பக்கமாக ஒரு அடி வைத்தான். நின்றான். திரும்பி வெளியே போய்விட்டான்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்தநாள் விடியமுன் மீன் சந்தைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன்: ஆள் சத்தியத்துக்குப் பயந்து ஓடிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பப் போகிறேன். பக்கத்து வாடி அருமைநாயகி, "எழும்பணை அக்கா, நானும் பக்கத்திலை வந்து இருக்கிறன்," என்றாள். அவள் இப்படியான விசயமென்றால் பூசைக்கு நேரத்தோடு வருவாள்.

ஆனால் அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை. உப்பு எங்கள் ஆள் என்று ஒருவன் அந்த இடத்திலேயே ஒரு பொய்யை உண்டாக்கிச் சொல்ல முடியுமா? முடியும். ஜெர்மனிக்காரர் இதைவிடப் பெரிய பொய் சொன்னவர். பார்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு, அவன் வேலையில் இருக்கும்போது, அவனுடைய ஊருக்கு வசந்தினியைப் போன் எடுக்கச் சொன்னேன். படம் தெரிகிற போன். வசந்தினி முன்கூட்டி அவனுக்குச் செய்தி அனுப்பாமல் இருக்க, காலையிலிருந்து அவளுடைய போனை என் மடியில் வைத்திருந்தேன். இதை எழுதும்போது அவள் சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

போனை எடுத்தது அவனுடைய தங்கச்சி பூல்மணி. அவள் கையில் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, தாய் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மண் சுவர், பின்னால் ஒரு பலா. என்னைக் கண்டதும் நெற்றியில் கை வைத்து "ஜெய் யேசு" என்றாள். நானும் சிலுவை போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றுமில்லை. அவளுக்குத் தமிழ் இல்லை. எனக்கு அவளுடையது இல்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஆளும் இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

என் வாயைத் திறந்து விரலை வைத்து, "பல்," என்றேன்.

அவளும் வாயைத் திறந்தாள். முன்னால் இரண்டுதான் மிச்சம். "பல்," என்றாள்.

கண்ணைத் தொட்டேன். காறிக்கொண்டு "கன்" என்றாள். வாயைக் காட்ட "பாய்" என்றாள். எங்கள் வாயை அடித்துத் தட்டையாக்கியதுபோல. விரலை மடக்கி எண்ணினேன்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு." அவளும் விரலை மடக்கினாள்: "ஒண்டா," பிறகு மூக்கால் "ஏட்," பிறகு "மூந்து, நாக்." "ஐஞ்சு," என்றேன். அவள், "பஞ்சே," என்றாள்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "நாலோடை நிண்டிட்டா! அஞ்சு தெரியேல்லை!" என்று வசந்தினியிடம் சொன்னேன்.

"அஞ்சிலை இருந்து இந்திக்காரரின்ரையை எடுத்துட்டினம் அம்மம்மா. இக்னேஸ் சொன்னவர். அயலிலை இருந்து வாங்கினது."

அந்தத் தாய் எனக்குக் காட்டுவதற்காகத் தமிழைப் பாடமாக்கியிருந்தால் ஐந்தையும் பாடமாக்கியிருப்பாளே. நாலோடு ஏன் நிறுத்த வேண்டும்? இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்துவிட்டது.

அடுத்து உப்பு. தொட்டியில் ஒரு கை அள்ளி, ஒன்றும் சொல்லாமல், போனுக்கு முன்னால் நீட்டினேன். ஒரு கல்லை எடுத்து, அந்தப் பக்கம் வாயில் ஊட்டுவதுபோல் காட்டினேன்.

போன் ஆடியது. பலா தெரிந்தது, வானம் தெரிந்தது, மண் தெரிந்தது. தாய் அதைத் தூக்கிச் சுளகில் சாத்தி நிறுத்தியபோது பூல்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்து, விரலால் நிலத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். பெரியவர் ஒருவர் முற்றத்துக்கு வந்ததுபோல். தாய்க்காரியோ சிரித்தாள். எழும்பிப் போய்ச் சட்டியில் இருந்து ஒரு கிள்ளு உப்பை எடுத்துத் தன் நாக்கில் வைத்துச் சப்பிக் காட்டினாள். பிறகு மகளைச் சுட்டி, தலையை ஆட்டினாள்: எனக்குப் பரவாயில்லை, இவளுக்குக் கூடாது.

"தாய் தின்னுறா! பார், பார், பொய்!" என்றேன்.

"தாய் வேற கூட்டம் அம்மம்மா," என்றாள் வசந்தினி. "பிள்ளையளுக்குத்தான் தகப்பன்ரை கூட்டம். தாய்க்கு உப்பு ஒண்டும் செய்யாது."

போனை வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் இருந்தேன். பொய் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தால் இரண்டு பேருமே மறுத்திருப்பார்கள். ஒருத்தி தின்ன, ஒருத்தி திரும்பிக்கொள்ள, இப்படி யார் சொல்லிக் கொடுப்பது? அதுவும் அவர்களுக்கு நான் உப்பைக் காட்டப் போகிறேன் என்று தெரியாது. உப்புக் கதை மெய்தான். ஆனால் அவனுக்குப் பெண்சாதி இல்லை என்று உப்புக் கதை சொல்லவில்லையே. சத்தியம் இன்னும் பண்ணவில்லையே. சந்தேகம் ஒரு காலை எடுத்து மற்றக் காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றது.

சனிக்கிழமை பின்னேரம். அடுத்தநாள் ஓலை. கீளி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். வசந்தினி வரவில்லை, வீட்டில் படுத்திருந்தாள். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்: "ஒரு கல்லு உப்பு. அதைப் போட்டிருந்தானெண்டால் எனக்கு மனம் ஆறியிருக்கும்."

யசிந்தா உப்புக் கையோடு நிமிர்ந்தாள். "அவர் போட்டவர்தானே அம்மா."

"ஆர்?"

"வசந்தினியின்ரை அப்பா. இந்தத் தொட்டியடியிலைதான். நீங்கள் கேட்ட உடனை சிரிச்சுக்கொண்டு ஒரு கல்லு போட்டார். இன்னொண்டு போடட்டோ மாமி எண்டும் கேட்டவர். மறந்திட்டியளோ?"

நான் மறக்கவில்லை. அதுதான் விசயம். மறந்ததாக வைத்திருந்தேன். அந்த மனிதர் என் கண் முன்னால் உப்பைத் தின்று, வாயைத் துடைத்து, என் மகளைக் கட்டிக்கொண்டு போனார். அவருடைய வாய் அவியவும் இல்லை. இப்போதும் அதே வாயால் ஜெர்மனியில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு வருடமும் நான் அந்த உப்பைக் கோபிக்காமல், வாங்கில் வாயை மூடியிருந்த என்னையே கோபித்துக்கொண்டிருந்தேன்.

இவனோ ஒரு கல்லுப் போட்டால் பெட்டை கிடைப்பாள் என்று தெரிந்தும் போடவில்லை. அவனுடைய ஊர்க்காரர் ஒருவரும் பார்க்கவில்லை. தாய் பார்க்கவில்லை. கட்டப்போகிறவளே போடு என்று அழுகிறாள். தொட்டிப் பக்கம் ஒரு அடி வைத்தான். அதை நான் கண்டேன். வைத்த காலைத் திருப்பி எடுத்தான். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கல் உப்புக்கு மறுத்தவன், பெண்சாதியை ஒளித்து வைப்பானா?

"மீனைப் பார்," என்று யசிந்தாவுக்குச் சொன்னேன். அவள் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்வாங்கில் இருந்தேன். இன்னாசி ஆண்கள் பக்கம், சுவரோடு, ஓடுவதற்கு ஆயத்தமானவன்போல் நின்றான். பாதர் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அன்றைக்கு ஒருவரும் இருமவில்லை. முழுக் கோயிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிழை என்னுடையதுதான், சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

அருமைநாயகி முழங்கையால் இடித்தாள். "எழும்பணை."

"முழங்கால் நோகுது."

"நேற்று நல்லாத்தானே நடந்தனீங்கள்."

"இண்டைக்கு நோகுது."

பாதர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவருக்கும் கதை எட்டியிருந்தது போல.

பூசை முடிந்து வாசலில் அவன் என் கிட்ட வந்து நின்றான். "பின்னேரம் வாடிக்கு வா," என்றேன். "திருக்கை வருது, வெட்ட ஆள் காணாது. உப்பு நாங்கள் போடுறம். நீ முள்ளுக் குத்தினது எண்டு ஓடத் தேவையில்லை." நீர் என்று கூப்பிட்டவனை நீ என்று கூப்பிட்டதை அவன் கவனித்தானோ தெரியாது. வசந்தினி கவனித்தாள்.

கலியாணத்துக்கு அடுத்தநாள் வீட்டில் இலைச் சாப்பாடு. இலை போட்டதும் எங்கள் வழக்கத்தில் முதல் வைப்பது உப்பு. பரிமாறிக்கொண்டு வந்த அயல்வீட்டுப் பெடியன் சுபாஸ், மாப்பிள்ளையின் இலைக்குக் கிட்ட வந்ததும் நான் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவருக்கு வையாதை."

"ஏன் ஆச்சி? மாப்பிள்ளைக்குப் பிளட் பிறசரோ?"

எல்லாத் தலையும் திரும்பியது. கூட்டம், ஆமை, எலி, மூத்தவைக்கு மரியாதை என்று அந்தப் பந்தியில் நின்று நான் விளங்கப்படுத்த முடியுமா? "ஓம், பிறசர்," என்றேன்.

இப்போது குருநகர் முழுக்க, இந்த வயதில் பிறசர் உள்ளவனுக்கு இராசாத்தி எப்படிப் பேத்தியைக் கொடுத்தாள், அதில் ஏதோ இருக்கிறது என்று கதைக்கிறார்கள். அருமைநாயகி இரண்டு தரம் வந்து துருவிப் பார்த்துவிட்டாள். சந்தேகப்படுகிறவர்களோடு கதைத்து மினக்கெட எனக்கு நேரமில்லை.

இன்னாசிக்கு இங்கே நிற்க விசா கிடைத்துவிட்டது. கட்டட வேலை முடிந்தாலும் வாடியில் வேலை இருக்கிறது. வெட்டுவான், கழுவுவான், பரப்புவான், மழை இருட்டினால் முதல் ஓடி வந்து மூடுவான். உப்புத் தொட்டியைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி நடப்பான், நான் என் மாமியாரைத் தாண்டி நடந்ததுபோல. ஐந்தரைக்குச் சுவரில் குந்தியிருந்து தாயோடு கதைக்கிறான். நானும் வலை விரிக்கிற சாட்டில் கிட்டப் போய்த்தான் நிற்கிறேன். நாலு வரைக்கும் விளங்குகிறது. அதற்கு மேலே என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.